ஜெல்லா, அக்ரிலிக்கா, பிரஸ்-ஆனா? நகக்கலை பழகுபவர் முதலில் எதை வாங்குவது, மெலிந்த நகத்தில் எதைப் போடுவது

நெயில் கோர்ஸில் சேர்ந்து ஒன்றிரண்டு மாதம் ஆனவர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு. சொந்தமாகக் கிட் வாங்கப்போகிறேன், எந்த வகையில் பணத்தைப் போடுவது? என் கையிலேயே போட்டுப் பழகியதில் நகம் காகிதம்போல் மெலிந்துவிட்டது, இனி இதன்மேல் எதைப் போடலாம்? தனித்தனியாகக் கேட்டாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். வாங்கும்போது எல்லாரும் பார்ப்பது பொருள் நகத்தில் எப்படி ஏறுகிறது என்பதை. நகம் கெடுவதோ பெரும்பாலும் அதை இறக்கும்போது. பழகுபவரின் கைக்கு அழுத்தம் இன்னும் பிடிபட்டிருக்காது. எனவே எது சுரண்டாமல் இறங்குமோ அதைத்தான் முதலில் வாங்க வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

நகத்தட்டு என்பது கெரட்டின் அடுக்குகளால் ஆனது. கைவிரலில் அதன் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அதில் உயிர் இல்லை. ஃபைல் தேய்த்து எடுத்ததை நகம் அதே இடத்தில் நிரப்பிக்கொள்ளாது, அடியிலிருந்து புதிய நகம் வளர்ந்து வந்துதான் ஈடாக வேண்டும். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. வளர்கிறது. அடிப்பகுதியில் விழுந்த ஒரு பள்ளம் நுனிக்கு வந்து வெட்டுப்பட 5, 6 மாதம் ஆகும். கால் பெருவிரலில் அது 12 முதல் 18 மாதம். ஒரு நாள் அவசரத்துக்கு அரை வருடம் விலை.

அதனால் முதல் அளவுகோல் ரிமூவல். அசிட்டோனில் ஊறி வருமா, ஃபைல் போட்டுத்தான் ஆக வேண்டுமா, எத்தனை நிமிடம் ஆகும்?

இரண்டாவது அலர்ஜி. வாடிக்கையாளர் மாதம் ஒருமுறை தொடும் பொருளை நீங்கள் தினமும் தொடுகிறீர்கள். ஜெல், அக்ரிலிக் போன்றவற்றின் மூலப்பொருளான அக்ரிலேட் வகைக்கு ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கக் கூடவே இருக்கும். பல் அடைப்பில், மூட்டு மாற்று அறுவை சிகிச்சையின் சிமென்டில், சர்க்கரை அளவிடும் கருவியின் ஒட்டியில் எல்லாம் இதே குடும்பத்துப் பொருட்கள் இருப்பதால், இது தொழிலோடு நிற்கிற பிரச்சினையும் இல்லை.

மூன்றாவது சூடு. ஜெல்லும் அக்ரிலிக்கும் இறுகும்போது வெப்பம் வெளியாகும். தடித்த நகத்தில் வெதுவெதுப்பாகத் தெரிவது மெலிந்த நகத்தில் சுரீர் என்று சுடும்.

நான்காவது நம் வீட்டு வேலை. கையால் பிசைந்து சாப்பிடுவது, பாத்திரம் தேய்ப்பது, துணி அலசுவது, மஞ்சள்தூள், மருதாணி. வெளிநாட்டு வீடியோக்களில் வரும் ‘மூன்று வாரம் நிற்கும்’ என்ற கணக்கில் இவை எதுவும் சேராது.

ஐந்தாவது பாட்டில் விலைக்கு மேல் வரும் செலவு. இதைக் கணக்கிட ஒரு எளிய வழி உண்டு. 0.01 கிராம் வரை காட்டும் சிறு டிஜிட்டல் தராசில், ஒரு செட் போடுவதற்கு முன்னும் பின்னும் பாட்டிலை நிறுத்துப் பாருங்கள். குறைந்த எடையை வைத்து ஒரு பாட்டில் எத்தனை செட்டுக்கு வரும் என்று தெரிந்துவிடும். அதோடு ஃபைல், வைப், ஃபாயில், அசிட்டோன், கையுறை, ரிமூவலுக்கு ஆகும் நேரம் ஆகியவற்றைக் கூட்டினால் பல நேரங்களில் பாட்டில்தான் மிகச் சிறிய செலவாக இருக்கும்.

## சாதா நெயில் பாலிஷ்

நைட்ரோசெல்லுலோஸைக் கரைப்பானில் கரைத்தது இது. கரைப்பான் ஆவியாகிப் போனதும் படலம் மிஞ்சுகிறது. வேதிவினை எதுவும் நடப்பதில்லை, அதனால்தான் ரிமூவர் பட்டதும் ஒரு நிமிடத்தில் கரைந்து வந்துவிடுகிறது. ரிமூவலில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. சூடு இல்லை, லேம்ப் தேவையில்லை.

தங்குவது 5 முதல் 7 நாள். பாத்திரம் தேய்க்கும் கையில் 3 நாள் தாண்டினால் நல்லது. பழகுபவருக்கு இதன் மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. தோலிலிருந்து ஒரு மயிரிழை இடைவெளி விட்டு, பிரஷ்ஷை விசிறியாக அழுத்தி, மூன்று இழுப்பில் நகத்தை முடிக்கும் கை இதில்தான் வரும். இது வராமல் ஜெல்லுக்குப் போனால் தோலில் ஜெல் வழியும், தோலில் வழிந்த ஜெல்தான் அலர்ஜிக்கு வாசல்.

பாட்டிலைக் குலுக்கினால் காற்றுக்குமிழி வரும், உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டுங்கள். பத்து நாளுக்கு மேல் விட்டுவைத்த பாலிஷை எடுத்தால் நகத்தில் வெண்ணிறத் திட்டுகள் தெரியலாம். மேலடுக்குக் கெரட்டின் பாலிஷோடு சேர்ந்து பெயர்ந்த தடம் அது, பூஞ்சை என்று பயப்பட வேண்டாம். கண் இமையிலும் கழுத்திலும் அரிப்பு வந்தால் பாலிஷில் உள்ள டோசிலமைடு ஃபார்மால்டிஹைடு ரெசினைச் சந்தேகிக்கலாம். போட்டது விரலில் என்றாலும், விரல் அடிக்கடி தொடும் மென்மையான தோலில்தான் அது முதலில் காட்டும்.

## ஜெல் பாலிஷ்

லேம்ப் ஒளியில் இறுகும் பாலிஷ் இது. 2010-இல் சி.என்.டி. நிறுவனத்தின் ஷெல்லாக் என்ற ஜெல் பாலிஷ் வந்த பிறகு பார்லர்களின் தினசரி வேலையாகவே மாறியது. இன்று வாடிக்கையாளர் கேட்டு வருவதும் அதிகம் இதைத்தான். இரண்டு வாரம் பளபளப்புக் குறையாமல் நிற்கும், லேம்பிலிருந்து கை வெளியே வந்ததும் வேலைக்குப் போகலாம். பழகுபவர் முதலில் பணம் போடத் தகுந்தது இதுதான் என்பது எங்கள் முடிவு. ஆனால் மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

லேம்ப். ஒளி பட்டதும் ஜெல்லை இறுகவைக்கும் ஒளித்தூண்டி குறிப்பிட்ட அலைநீளத்துக்குத்தான் வேலை செய்யும். நக லேம்ப்கள் பொதுவாக 365 முதல் 405 நானோமீட்டர் வரையிலான ஒளி தருபவை. பெட்டியில் 48 வாட், 120 வாட் என்று போட்டிருப்பது மின்சாரக் கணக்கு, ஜெல் வெந்ததற்கு, அதாவது முழுதாக இறுகியதற்கு, உத்தரவாதம் இல்லை. சரியாக வேகாத ஜெல் ஏமாற்றும். மேலே வெந்து உள்ளே மாவாக இருக்கும் இட்லியைப் போல, தொட்டால் கெட்டியாக இருக்கும், அடியில் வினைபுரியாத மானமர் (இணைந்து இறுக வேண்டிய சிறு மூலக்கூறு) மிஞ்சியிருக்கும். தோலுக்குள் இறங்குவது அதுதான். ஜெல் நிறுவனம் எந்த லேம்பைப் பரிந்துரைக்கிறதோ அதையே வாங்குங்கள். இரண்டு பிராண்டு ஜெல்லுக்கு ஒரே மலிவு லேம்ப் என்ற சிக்கனம் பின்னால் அதிகம் செலவு வைக்கும். கட்டைவிரல் லேம்புக்குள் சாய்ந்து நிற்பதால் இரண்டு கட்டைவிரல்களையும் தனியாக வையுங்கள். கறுப்பு, அடர்சிவப்பு போன்ற நிறங்களில் ஒளி உள்ளே இறங்காது, மிக மெல்லிய இரண்டு, மூன்று கோட்டாகத்தான் போட வேண்டும். தடித்துப் போட்டால் டாப் சுருங்கிச் சுருக்கம் விழும்.

லேபிள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் ஹெமா என்ற மானமர் கலந்த நகப் பொருட்களில் ‘தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும்’, ‘ஒவ்வாமை உண்டாக்கலாம்’ என்று அச்சிட வேண்டும். டி.பி.ஓ. என்ற ஒளித்தூண்டி 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே அழகுசாதனங்களில் தடை செய்யப்பட்டுவிட்டது. விலங்குச் சோதனைகளில் இனப்பெருக்க நலனைப் பாதித்ததே காரணம். இங்கே ஆன்லைனில் வாங்கும்போதும் உட்பொருள் பட்டியல் இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள். ‘ஹெமா இல்லாதது’ என்ற வாசகத்தை அலர்ஜியே வராது என்று படிக்கவும் கூடாது. அதற்குப் பதிலாக வேறொரு மெத்தாக்ரிலேட் இருக்கும், அதுவும் தோலில் பட்டால் அதே கதைதான்.

ரிமூவல். டாப் கோட்டின் பளபளப்பை மட்டும் 180 கிரிட் (சொரசொரப்பின் அளவு, எண் கூடினால் மென்மை) ஃபைலால் உடையுங்கள். சுற்றியுள்ள தோலில் எண்ணெய் தடவி, நகத்தின் அளவுக்கு வெட்டிய பஞ்சை அசிட்டோனில் நனைத்து வைத்து, ஃபாயில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். ஃபாயில் மேல் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைப் போர்த்தினால் வேகம் கூடும். அசிட்டோனை அடுப்புப் பக்கமோ பூஜை விளக்குப் பக்கமோ கொண்டுபோகவே கூடாது, அதன் ஆவி சுலபமாகத் தீப்பிடிக்கும். ஊறிய ஜெல் தானே உரிந்து தூக்கி நிற்கும். அதை ஆரஞ்சுக் குச்சியால் தள்ளுங்கள். தள்ளி வரவில்லை என்றால் இன்னும் 5 நிமிடம் சுற்றி வையுங்கள். பொறுமை இல்லாமல் இரும்புப் புஷரால் சுரண்டினால் பெயர்வது ஜெல் மட்டுமில்லை, அதோடு நகத்தின் மேலடுக்கும் வரும். பழகுபவர்களின் நகம் மெலிவதற்கு முதல் காரணம் இந்த 5 நிமிடம்தான்.

மஞ்சள் கறை பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளை, நியூட் நிறங்களின் டாப் கோட் சாம்பாரையும் மஞ்சளையும் பிடித்துக்கொள்ளும், சரியாக வேகாதது இன்னும் அதிகமாகப் பிடிக்கும். துணியில் பட்ட மஞ்சள் வெயிலில் வெளுப்பதுபோல் இதுவும் ஓரளவு மங்கும். சமைக்கும் வாடிக்கையாளருக்கு முதல் முறையே நடுத்தர நிறத்தைச் சொல்லிவிடுவது நல்லது.

2023-இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ ஆய்வகத்தில், நக லேம்பின் ஒளி வளர்ப்புச் செல்களின் டி.என்.ஏ.வைப் பாதித்தது காட்டப்பட்டது. மனிதரில் புற்றுநோய் வரும் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. விரல்நுனி வெட்டிய கையுறை மலிவானது, போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

## பில்டர் ஜெல்: ஊறி வருவதும் வராததும்

ஒரே பெயரில் இரண்டு பொருட்கள் விற்பதால் இங்கே குழப்பம் அதிகம். பாட்டிலில் பிரஷ்ஷோடு வரும் பில்டர் பெரும்பாலும் அசிட்டோனில் ஊறி வரும் வகை. டப்பாவில் வரும் ஹார்ட் ஜெல் ஊறவே ஊறாது, எடுக்க ஃபைல் அல்லது மின்சாரத்தில் சுழலும் ஈ-ஃபைல்தான். வாங்கும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

இயற்கை நகத்தின்மேல் மெல்லிய கவசமாக, நகத்தை நீட்டாமல் போடும் ஓவர்லேக்கு ஊறும் பில்டர் மிக நல்ல தேர்வு. நகம் வளையும்போது உடையாமல் கூடவே வளையும் ரப்பர் பேஸ் இதற்கும் ஜெல் பாலிஷுக்கும் நடுவில் நிற்கிறது. மெலிந்த, தொட்டால் வளையும் நகத்துக்கு ரப்பர் பேஸ் பொருத்தம். ஹார்ட் ஜெல் கெட்டியானது. அடியில் நகம் வளைய மேலே அது வளையாமல் நின்றால், ஓரத்தில் காற்று புகுந்து ஜெல் நகத்தை விட்டுப் பெயரும், இதுதான் லிஃப்டிங்.

இதன் மறைமுக விலை சூடு. தடித்த ஒரே கோட்டாக ஊற்றி லேம்பில் வைத்தால் நகத்தின் அடியிலுள்ள தோலான நகப்படுகையே வெந்துபோன மாதிரி எரியும். முதலில் காகிதம்போல் மெல்லிய ஒரு கோட்டை வேகவைத்து, பிறகு உயரம் கட்டுங்கள். லேம்பில் குறைந்த வெப்ப அமைப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். சுட்டால் கையை வெளியே எடுக்க வேண்டும் என்று வாடிக்கையாளருக்கு முன்னாலேயே சொல்லிவையுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கும் பழக்கம் நம்மவர்களுக்கு அதிகம், பிறகு நகம் படுகையை விட்டுக் கழன்று நிற்கும்.

இன்னொரு நன்மை, ஒவ்வொரு முறையும் முழுதாக எடுக்க வேண்டாம். லிஃப்டிங் இல்லாத பேஸ் அடுக்கை அப்படியே விட்டு மேல்பகுதியை மட்டும் குறைத்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடியில் வளர்ந்த இடத்தை நிரப்பினால் போதும். ஃபைல் இயற்கை நகத்தைத் தொடுவதே இல்லை. இதைப் பழக டிப் எனப்படும் பிளாஸ்டிக் செயற்கை நகத்தில் ஒரு பயிற்சி: முதலில் சிவப்பு ஜெல், அதன்மேல் நிறமற்ற பில்டர் போட்டு வேகவைத்து, சிவப்பில் கீறல் விழாமல் பில்டரை மட்டும் தேய்த்து எடுங்கள். பத்து டிப்பில் பத்தும் சிவப்பு சேதமில்லாமல் வரும்வரை மனித நகத்தின் பக்கம் ஈ-ஃபைலைக் கொண்டுபோக வேண்டாம்.

## அக்ரிலிக்

பவுடரும் லிக்விடும் சேர்ந்து இறுகும் முறை. பலத்தில், நீளத்தில், உடைந்த மூலையைக் கட்டியெழுப்புவதில் இன்றும் இதற்கு ஈடு குறைவு. மின்சாரம் போனாலும் வேலை நிற்காது. ஆனால் பழகுபவர் முதலில் வாங்கக் கூடாதது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வோம்.

காரணம் ஒன்று, விகிதம். பிரஷ் நுனியில் ஒரு பங்கு பவுடருக்கு ஒன்றரைப் பங்கு லிக்விட் பிடித்து உருளும் மணி, நகத்தில் வைத்ததும் மெல்லப் பரந்து பனித்துளிபோல் நிற்கும். ஈரம் அதிகமானால் தோலுக்கு ஓடும், காய்ந்தால் ஒட்டாமல் உதிரும். அறை வெப்பம் 21 முதல் 24 டிகிரி இருக்கும்போதுதான் இது கணக்காக நடக்கும். ஏ.சி. இல்லாத அறையில், மே மாதத்தில், நீங்கள் அழுத்திச் சீராக்கும் முன்பே மணி இறுகிவிடும். ஃபேன் நேராக அடித்தால் லிக்விட் ஆவியாகி விகிதமே மாறும்.

காரணம் இரண்டு, ஆவி. லிக்விடின் ஆவி காற்றைவிடக் கனமானது, மேசை மட்டத்தில் தேங்கும். சுவரின் உச்சியில் இருக்கும் எக்ஸ்ஹாஸ்ட் ஃபேன் அதை உங்கள் மூக்கு வழியாகத்தான் மேலே இழுக்கும். மேசையிலேயே உறிஞ்சும் கருவி வேண்டும். என்95 மாஸ்க் ஃபைல் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது.

காரணம் மூன்று, எம்.எம்.ஏ. முறையான லிக்விடில் இருப்பது எத்தில் மெத்தாக்ரிலேட். மலிவு லிக்விடில் எம்.எம்.ஏ. எனப்படும் மெத்தில் மெத்தாக்ரிலேட் கலந்திருக்கலாம். அமெரிக்காவில் 1970-களின் தொடக்கத்தில் நகச் சேதம், தோல் ஒவ்வாமைப் புகார்கள் குவிந்து, அங்கே உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. நீதிமன்றம் வழியாக 100 சதவீத எம்.எம்.ஏ. லிக்விடைச் சந்தையிலிருந்து அகற்றியது. அடையாளம் சொல்கிறோம்: மிகக் கடுமையான, பழகிய அக்ரிலிக் வாடையிலிருந்து வேறான நெடி, வழக்கத்தைவிட ஃபைலுக்கு அசையாத கடினம், அசிட்டோனில் அரை மணி ஊறியும் இளகாத பிடிவாதம். இடித்துக்கொண்டால் அது உடையாது, இயற்கை நகம்தான் பிய்ந்து வரும்.

செலவுப் பட்டியலில் பிரஷ்ஷையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எட்டாம் எண் கொலின்ஸ்கி (ஒரு வகை விலங்கு மயிர்) பிரஷ் மலிவில்லை. அதை லிக்விடில்தான் சுத்தம் செய்ய வேண்டும், அசிட்டோன் பட்டால் மயிர் வறண்டு விரிந்துவிடும்.

மெலிந்த நகத்துக்கு அக்ரிலிக் வேண்டாம். ஒட்டுவதற்காக முதலில் பூசும் அமில பிரைமர் எரியும், இறுகும் சூடு சுடும், அதன் கனம் மெல்லிய நகத்தை நெம்பும். உடைந்த ஒரு நகத்தை மட்டும், மற்ற ஒன்பதும் நல்ல தடிமனாக இருக்கும் கையில் சரிசெய்யும்போது மட்டும் இதுவே சிறந்தது.

## டிப் பவுடர்

லேம்ப் இல்லை, வாடை குறைவு, இரண்டு, மூன்று வாரம் நிற்கும் என்பதால் வீட்டில் செய்பவர்களுக்குப் பிடிக்கும். இதன் பேஸ் சயனோஅக்ரிலேட், அதாவது உடனடிப் பசையின் உறவு. பேஸ் பூசிய விரலைப் பவுடர் குப்பிக்குள் நுழைப்பதுதான் பெயருக்குக் காரணம், சுகாதாரத்துக்குக் கேடும் அதுதான். ஒருவர் விரல் போன பவுடரில் அடுத்தவர் விரல் போகக் கூடாது. கரண்டியால் அள்ளி நகத்தின்மேல் தூவி, விழுந்ததைத் தனியே எறியுங்கள். வீணாகும் பவுடர் இதன் மறைமுகச் செலவு. பேஸை இறுகவைக்கும் ஆக்டிவேட்டரின் பிரஷ் தவறிப் பேஸ் பாட்டிலில் பட்டால் பாட்டில் முழுக்க இறுகிப் போகும். எடுக்க 15 நிமிட அசிட்டோன், அதற்கு முன் மேலடுக்கை ஃபைல் போட வேண்டும். அடுக்கடுக்காக உரியும் நகத்தில் பசை இடுக்குகளில் இறங்கிவிடும், எடுக்கும்போது அடுக்குகளையும் கூட்டிவரும்.

## பிரஸ்-ஆன்

முன்கூட்டியே தயாரித்த செயற்கை நகத்தை அப்படியே ஒட்டும் முறை இது. இதைக் குறைத்து எண்ண வேண்டாம். பழகுபவருக்கு இதில் இருக்கும் வாய்ப்பு மற்ற எதிலும் இல்லை. டிப்பை ஸ்டாண்டில் வைத்து இரவு முழுக்க நிதானமாக வரையலாம், தவறினால் எறிந்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம், யாருடைய நகமும் கெடாது. கல்யாணப் பெண்ணுக்கு முகூர்த்தத்துக்கு ஒரு செட், வரவேற்புக்கு ஒரு செட் என்று தயாரித்துக் கொடுக்கலாம். அளவெடுக்க நகத்தின் அகலமான இடத்தில் ஒட்டுநாடாவை வைத்துக் குறித்து, மில்லிமீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். பத்து விரலையும் தனித்தனியாக எடுங்கள், இடது வலது ஒன்றாக இருக்காது. இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதை எடுத்துப் பக்கவாட்டில் ஃபைல் போடுங்கள். சின்னது நகத்தை இறுக்கிப் பிடித்து, ஓரத்தில் பெயர்ந்து வரும்.

ஒட்டும் ஜெல் டேப் ஒன்றிரண்டு நாள் நிற்கும், நகத்துக்குச் சேதம் மிகக் குறைவு. பசை போட்டால் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும், ஆனால் இடைவெளியில் தண்ணீர் தேங்கினால் பச்சை படரும். எடுக்க, சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் சில துளி எண்ணெய் விட்டு 15 நிமிடம் ஊறவைத்து, பக்கவாட்டிலிருந்து மெல்ல நெகிழ்த்துங்கள். பசை பஞ்சின்மேல் கொட்டினால் கடுமையாகச் சூடேறித் தோலைப் பொசுக்கும். கொட்டியதைப் பஞ்சால் ஒற்றாதீர்கள்.

மருதாணி வைக்கும் கையென்றால் இரண்டைக் கவனியுங்கள். வெறும் நகத்தில் ஏறிய மருதாணி நிறம் வளர்ந்து வெளியேற மாதங்கள் ஆகும். மருதாணிக்குப் பிறகு தடவும் தைல எண்ணெய் நகத்தில் இருந்தால் எதுவும் ஒட்டாது.

## ஒரே பார்வையில்

| வகை | தங்கும் காலம் | எடுக்கும் வழி | மெலிந்த நகத்துக்கு | பழகுபவருக்கு |
|---|---|---|---|---|
| சாதா பாலிஷ் | 5–7 நாள் | ரிமூவர், 1 நிமிடம் | ஆம் | முதல் நாளிலிருந்து |
| ஜெல் பாலிஷ் | 2 வாரம் | அசிட்டோன், 10–15 நிமிடம் | ரப்பர் பேஸ் மேல் மட்டும் | முதல் முதலீடு |
| ஊறும் பில்டர் | 3 வாரம், பிறகு நிரப்பல் | குறைத்துவிட்டு அசிட்டோன், 15–25 நிமிடம் | வலி இல்லையென்றால் ஆம் | ஜெல் கைவந்த பிறகு |
| ஹார்ட் ஜெல் | 3 வாரம், பிறகு நிரப்பல் | ஃபைல் மட்டும் | வேண்டாம் | பின்னால் |
| அக்ரிலிக் | 2–3 வாரம், பிறகு நிரப்பல் | அசிட்டோன், 20–30 நிமிடம் | வேண்டாம் | காற்றோட்டம் அமைந்த பிறகு |
| டிப் பவுடர் | 2–3 வாரம் | ஃபைல், அசிட்டோன் | வேண்டாம் | தவிர்த்தாலும் நட்டமில்லை |
| பிரஸ்-ஆன், டேப் | 1–2 நாள் | வெதுவெதுப்பான நீர், எண்ணெய் | ஆம் | வருமானத்துக்கும் பயிற்சிக்கும் |

## சேதத்தின் வகைதான் தேர்வை முடிவு செய்யும்

மெலிந்து வளையும் நகம். ஃபைல் அதிகமானதால் வருவது. வெந்நீர் பட்டாலே கூசுகிறது, அழுத்தினால் வலிக்கிறது என்றால் எதுவும் போடாமல் குட்டையாக வெட்டி விடுங்கள். வலி இல்லையென்றால், மேலே ஃபைல் போடாமல், அமிலமில்லாத பிரைமர், ரப்பர் பேஸ் ஒரு மெல்லிய கோட். அதை எடுக்காமல் நிரப்பிக்கொண்டே வளரவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் புதிதாகப் போட்டால் கவசத்தால் வந்த பலன் ரிமூவலில் போய்விடும். நகத்துக்கு ‘மூச்சுவிட’ இடைவெளி வேண்டும் என்பது தவறான நம்பிக்கை. நகத்தட்டுக்குத் தேவையானவை அடியிலுள்ள இரத்த ஓட்டத்திலிருந்து வருகின்றன. எதுவும் போடாமல் விடச் சொல்வது வலி இருப்பதால், காற்றுக்காக இல்லை.

ஈ-ஃபைல் போட்ட சிவப்பு வளையம். ஈ-ஃபைலின் சுழலும் முனையான பிட்டைச் சாய்த்துப் பிடித்ததால் நகத்தின் அடிப்பக்கம் அரைவட்டமாகப் பள்ளம் விழுந்து சிவந்திருக்கும். அந்த இடத்தில் பிட்டும் பஃபரும் மறுபடி படக் கூடாது. பள்ளம் வளர்ந்து முன்னால் நகர நகர, அந்த இடத்தில்தான் நகம் உடையும். நுனியைத் தாண்டும்வரை நீளமே வேண்டாம்.

அடுக்கடுக்காக உரியும் நுனி. நனைவதும் காய்வதும் மாறி மாறி நடப்பதால் வருவது. பாத்திரம் தேய்க்கும்போது ரப்பர் கையுறை போடுவது எந்தச் சீரத்தையும்விட மேல். உரிந்த அடுக்கை இழுக்காமல் நறுக்கி, 240 கிரிட்டால் நுனியை மட்டும் ஒரே திசையில் மூடுங்கள். பேஸ் கோட்டோடு சாதா பாலிஷ் போட்டு நுனியையும் சேர்த்துப் பூசி, வாரம் ஒருமுறைக்கு மேல் ரிமூவர் படாமல் பாருங்கள்.

படுகையிலிருந்து கழன்று வெள்ளையாகத் தெரிவது. இங்கே எந்தப் பொருளும் வேண்டாம். கழன்ற பகுதியை வெட்டிக் குட்டையாக்கி, உலர்வாக வையுங்கள். அடியில் குச்சியை விட்டுச் சுத்தம் செய்தால் கழன்ற இடம் இன்னும் பெருகும்.

பச்சை நிறம். லிஃப்டிங் இடுக்கில் ஈரம் தங்கி, பெரும்பாலும் சூடோமோனாஸ் பாக்டீரியா வளர்ந்தது. முழுதும் எடுத்துவிட்டு உலரவிட்டு, தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள். மேலே அழகாக மூடிவிடுவது மாபெரும் தவறு. பயன்படுத்திய ஃபைலை எறியுங்கள். இரும்புக் கருவிகளைச் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவிய பிறகே கிருமிநாசினியில் லேபிளில் சொன்ன நேரம் முழுக்க மூழ்க வையுங்கள், அழுக்கோடு மூழ்கவைத்தால் கிருமிநாசினி வேலை செய்யாது.

நடுவில் விரிசல். இரத்தம் இல்லையென்றால் தேநீர்ப் பைத் தாளையோ நெயில் சில்க்கையோ சிறிதாக வெட்டி, நகப் பசையால் விரிசலுக்குக் குறுக்கே ஒட்டி, ஓரத்தை மட்டும் மென்மையாக்குங்கள். இரத்தம் இருந்தால் பசை வேண்டாம்.

நகச்சுத்தி, தடித்து நொறுங்கும் சொத்தை நகம், புதிதாகத் தோன்றி அகலமாகிவரும் கரும்பழுப்புக் கோடு ஆகிய மூன்றும் மருத்துவரின் வேலை. அந்தக் கோட்டின்மேல் நிறம் பூசி மறைப்பது ஆபத்தானது, மிக அரிதாக அது நகத்தடி மெலனோமாவாக இருக்கக்கூடும்.

உங்கள் விரல்நுனியில் அரிப்பு, சிவப்பு, நீர்க்கொப்புளம் தொடங்கினால் பிராண்டை மாற்றிப் பார்க்காதீர்கள், நிறுத்துங்கள். லேடெக்ஸுக்குப் பதில் நைட்ரைல் கையுறை போட வேண்டும். அக்ரிலேட்கள் அதையும் ஊடுருவும் என்பதால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புதிது, ஜெல் பட்டால் உடனே புதிது.

## எண்ணெயா, ஹார்டனரா, மாத்திரையா

எண்ணெய் முதலிடம். ஜோஜோபா நல்லது, வீட்டுத் தேங்காய் எண்ணெயும் போதும். தினம் இரண்டு வேளை, குறிப்பாகக் கை கழுவி ஒற்றிய உடனே, நகத்தின் அடியிலும் நுனியின் உள்பக்கத்திலும் தேயுங்கள். வறண்டு நொறுங்கும் நகத்துக்கு யூரியா கலந்த கைக் க்ரீம் கூடுதல் துணை. ஜெல் போடும் நாளில் மட்டும் எண்ணெய் வேண்டாம்.

ஃபார்மால்டிஹைடு கலந்த ஹார்டனர் கெரட்டினை இறுக்கிப் பிணைக்கிறது. ஈரமாகி வளையும் நகத்தில் சில வாரம் உதவும். ஏற்கெனவே வறண்டு நொறுங்கும் நகத்தில் போட்டால் கண்ணாடிபோல் உடையும். வளைகிறதா, நொறுங்குகிறதா என்று பார்க்காமல் வாங்கினால் இரண்டு பேரில் ஒருவருக்குத் தப்பாகத்தான் முடியும். கால்சியம் பாலிஷ்களை நம்பிப் பணம் போட வேண்டாம். நகத்தில் கால்சியம் மிகச் சொற்பம், அதன் உறுதி கெரட்டினின் கந்தகப் பிணைப்புகளால் வருவது.

பயோட்டின் மாத்திரைக்கு, குறைபாடு இல்லாதவரிடம் உறுதியான சான்று குறைவு. தைராய்டு, இதயத்துக்கான ட்ரோபோனின் போன்ற இரத்தப் பரிசோதனைகளின் முடிவையும் அது பிசகவைக்கும் என்று எஃப்.டி.ஏ. 2017-இல் எச்சரித்தது. சாப்பிடுபவர்கள் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். எந்தப் பொருளும் போடாமலே நகம் மெலிந்து, கரண்டிபோல் குழிந்தால் கடைக்குப் போகும் முன் ஹீமோகுளோபின் பார்க்கலாம். இரும்புச்சத்துக் குறைவுக்கு அது தெரிந்த அடையாளம்.

முன்னேற்றத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது, அளந்து பாருங்கள். நகத்தின் அடித் தோலிலிருந்து சேதக் கோடு வரை எத்தனை மி.மீ. என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எழுதி, படமும் எடுத்து வையுங்கள். மாதம் 3 மி.மீ. அளவில் கோடு முன்னால் நகர்ந்தால் அடியில் வருவது நல்ல நகம், பொறுத்திருக்கலாம். ஆறேழு வாரமாகியும் கோடு அதே இடத்தில் நின்றால் புதிதாக வரும் நகமும் கெட்டுக்கொண்டிருக்கிறது. உங்கள் ஃபைலும் அசிட்டோனும் அந்த நகத்தைத் தொடவே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால், அடுத்த பாட்டிலுக்கான பணத்தைத் தோல் மருத்துவருக்குக் கொடுங்கள்.